வடக்கு அறையில் இன்னும் யாரும் படுக்கவில்லை

ராசா, போன மாதம் நீ தொலைபேசியில், "அம்மா, நான் பெய்ஜிங் வீட்டைக் குடுத்திட்டு லண்டனுக்கு வாறன், இனி உங்களோடைதான்" என்று சொன்னாய். நீ சொல்லி முடிப்பதற்குள் நான், "ஓம் ராசா, வா, உடனை வா" என்றேன். அந்த ஓமைத் திருப்பி எடுப்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல வெளிக்கிட்டால் என் குரல் உடைந்துவிடும், அதைக் கேட்டு நீ அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய். தமிழ் வாசிக்க உனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காவது உதவட்டும். மெதுவாக வாசி. நடுவில் கோபம் வந்தால் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி எடு. கடைசி வரை வாசிக்காமல் எனக்கு அழைப்பு எடுக்காதே.

முதலில் என் சந்தோசத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் இத்தனை நாளாக என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. லின் கண்ணை மூடி ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. உன் மனைவி, என் மருமகள், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும் பிள்ளை. அவள் போன துக்கம் எனக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீ வாறன் என்றதும் அந்தத் துக்கத்துக்கு அடியிலிருந்து ஒரு சந்தோசம் கிளம்பி வந்தது பார், எனக்கே வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே உன் அறையைக் கூட்டினேன். பழைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகக் கவுன்சிலுக்குச் சொல்லி, புது மெத்தை வாங்கிப் போட்டேன். முருகன் கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். கோவிலில் கண்டவர்கள், "மகன் வாறாராமே?" என்று கேட்க, "ஓம், இனி இஞ்சைதான்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். நோர்பரியிலிருந்து வந்த உன் தங்கச்சி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அம்மா, அண்ணா இப்ப என்ன நிலையிலை இருக்கிறார், நீங்கள் கல்யாண வீடு மாதிரி ஓடித் திரியிறியள்" என்று ஏசினாள். அந்த ஏச்சு எனக்கு வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

உனக்கு இந்த வீடு கட்டும் பைத்தியம் எங்கேயிருந்து பிடித்தது என்று லின் ஒருமுறை என்னிடம் கேட்டாள். நான் எங்கள் நடு அறையைத்தான் காட்டினேன். லண்டனில், மனோர் பார்க்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. உன் அப்பா இரண்டு ஷிப்ட் வேலை செய்து சேர்த்த காசில் பின்பக்கம் சமைக்கவென்று பெரிய குசினி ஒன்று இறக்கினார். குசினி பெரிதாயிற்று, நடு அறையின் யன்னல் சுவருக்குள் போயிற்று. அதற்குப் பிறகு அந்த அறையில் மத்தியானத்திலும் விளக்குப் போட வேண்டும். நீ அப்போது சின்னப் பையன். "அப்பா, இந்த அறையின்ரை கண்ணைக் கட்டிப்போட்டியள்" என்றாய். அவர் சிரித்துவிட்டு, "நீ வளந்து அவிட்டு விடு" என்றார். நீ அவிழ்க்கவில்லை. அப்பா போன பிறகும் நான் அதே அறையில்தான் விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். நீ படித்து முடித்து, வெளிச்சத்தை நடுவில் வைத்துச் சுற்றிவர அறை கட்டுகிற நாட்டைத் தேடிப் போய்விட்டாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்.

பெய்ஜிங்கில் அந்தப் பழைய வீட்டை நீயும் லின்னும் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்ததும் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். அதைத் தங்கச்சிக்குக் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரிய கட்டடக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த மகன் எடுத்திருந்தது சாம்பல் நிறச் செங்கல்லும் சரிந்த ஓடுமாக ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் கிடந்த இடிபாடு. நடுவில் முற்றம் என்றாய், முற்றத்தையே காணவில்லை. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டுக்குள் பிற்காலத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்க நேர்ந்ததாம். ஒவ்வொரு குடும்பமும் முற்றத்துக்குள் தனக்கொரு சமையல் கொட்டிலை இறக்கிக்கொண்டதாம். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால், "பாத்தியே, நான் மட்டும் இல்லை" என்று சந்தோசப்பட்டிருப்பார். அந்தக் கொட்டில்களில் ஒன்று லின்னுடைய தாய் வீட்டாருடையது. லின்னைப் பெற்றவள், உன் மாமி, பிறந்ததே அந்த வீட்டின் மேற்கு அறையில்தான். அதற்காகத்தான் லின் அந்த வீட்டை விடாமல் தேடி எடுத்தாள், அதற்காகத்தான் உன் மாமியும் தான் இருந்த மாடி வீட்டை விற்று உங்கள் கையில் கொடுத்தாள். இதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் இன்றைக்கு எழுதி வைக்கிறேன்.

கொட்டில்களை இடித்த நாளையும் நீ படம் எடுத்து அனுப்பினாய். மற்ற எல்லாவற்றையும் இடித்துவிட்டு, தன் தாய் வீட்டுக் கொட்டிலுக்கு முன்னால் வந்ததும் லின் நின்றுவிட்டாள். தலையில் பாதுகாப்புத் தொப்பி, கையில் வரைபடம், ஆனால் கால் நகரவில்லை. அப்போது உன் மாமி முன்னுக்கு வந்து, மேல் வரிசையிலிருந்து ஒரு செங்கல்லைத் தானே உருவி மகளின் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான், வேலை தொடங்கியது. அந்தச் செங்கற்களையே பிறகு முற்றத்தில் பாவினீர்கள். தூண்களில் உளுத்த அடியை மட்டும் அறுத்து எடுத்துப் புது மரம் பொருத்தினீர்கள். அந்தப் புது மரத்துக்கு நிறம் பூசாமல் வெளிறலாகவே விட்டிருந்தீர்கள். "பழசு மாதிரி ஒரு நிறம் அடிச்சால் வடிவா இருக்குமே பிள்ளை" என்று நான் கேட்டதற்கு, அது பொய் என்றாள் லின். முற்றத்தைச் சுற்றிக் கண்ணாடி நடை, நிலத்துக்கடியில் சூடு, முன்பு ஒழுங்கைக் கோடியிலிருந்த பொதுக் கழிப்பறைக்கு ஓடவேண்டியிருந்த வீட்டில் அறைக்கு அறை குளியலறை. மழை பெய்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நனையாமல் நடக்கலாம். என் நடு அறையின் கண்ணைப் பெய்ஜிங்கில் அவிழ்த்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு நான் பெய்ஜிங் வந்தபோது செய்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கும். பால் காய்ச்ச வேண்டும் என்றேன். லின் கட்டிய அழகான குசினியில் நெருப்பே இல்லை, கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்றுதான் இருந்தது. நெருப்பில்லாமல் என்ன குடிபூரல் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உன் மாமிக்கு விசயம் விளங்கியதோ இல்லையோ, மேசையில் வைத்துச் சமைக்கும் சின்ன காஸ் அடுப்பொன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். பால் பொங்கி மேலே வரவும், ஐயோ வீணாகப் போகிறதே என்று பாய்ந்து அடுப்பை அணைத்ததும் அவள்தான். நான், "விடுங்கோ, விடுங்கோ" என்று கத்த, அவள் பயந்து பின்னால் போக, நீ இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்க, லின் தூணைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி அடுப்பை மூட்டிப் பாலைப் பொங்கவிட்டோம். உன் மாமி அதை ஏதோ பெரிய அநியாயம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதைவிடப் பெரிய கூத்து வடக்கு அறை. அந்த ஊர் முறையில் அதுதான் வீட்டின் தலையான அறை, முற்றத்து வெயில் எல்லாம் அதற்குள்தான் விழும், பையனைப் பெற்றவர்கள்தான் அங்கே இருக்க வேண்டும். நீயும் அந்த முறையையே பிடித்துக்கொண்டு, எனக்கென்று அந்த அறையை இழைத்து வைத்திருந்தாய். எழும்பிப் பிடிக்கச் சுவரோடு மரக் கைபிடி, சூடேறும் மேடைக் கட்டில், முழங்கால் நோகாத உயரம். உன் மாமியின் பெட்டி மேற்கு அறையில் இருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. எங்கள் யாழ்ப்பாணத்து முறை நேர்மாறு ராசா. வீடு என்பது பெண்ணுக்குப் போகிற சீதனம். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணைப் பெற்றவள் ஓரத்து அறையில் கிடக்க, பையனைப் பெற்றவள் தலையான அறையில் நீட்டிப் படுத்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். இதை உன்னிடம் சொன்னால் நீ ஒரு பிரசங்கம் வைப்பாய் என்று, "வடக்கை தலை வைச்சுப் படுக்கமாட்டன்" என்று ஒரு சாட்டுச் சொன்னேன். தலையணையை மறுபக்கம் போட்டால் தீர்ந்துபோகிற விசயம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு மேற்கு அறைக்குப் போனேன், உன் மாமியை வடக்கு அறைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு என் பெட்டியைத் திருப்பி இழுத்தாள். முற்றத்தில் ஒரு பெட்டியை இரண்டு கிழவிகள் இழுபறிப்பட்டோம். கடைசியில் இருவருமே மேற்கு அறையில் ஒரே கட்டிலில் படுத்தோம். நான் அங்கே நின்ற நாளெல்லாம் அப்படித்தான். "இரண்டு வருசமா அந்த அறைக்காக மண்டையை உடைச்சன், இப்ப பூனைகூடப் படுக்குதில்லை" என்று நீ கத்தினாய். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் விளங்காதவர்கள் போல உன்னைப் பார்த்தோம்.

ஒரு சொல்லும் பொதுவில் இல்லாமல் ஒருத்தியோடு சிநேகிதமாகலாம் என்று நான் அந்த மேற்கு அறையில்தான் அறிந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் அவர்களுக்கும் சுகம் விசாரிப்பது. அந்த ஒன்றை நான் அவள் மொழியில் பழகினேன், அவள் என் மொழியில் பழகினாள். நான் லண்டன் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். சாப்பிட்டீங்களா என்று ஒருவரை ஒருவர் கேட்போம். பிறகு அவள் முற்றத்துச் செடிகளைக் காட்டுவாள், நான் குசினிக் கறியைக் காட்டுவேன். லின் பின்னாலிருந்து ஏதாவது சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு லின்னுக்கு அந்த வருத்தம், அந்தப் பொல்லாத நோய், வந்தது. அதைப் பற்றி உனக்கு எழுத என் கை வரவில்லை, நீதான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எனக்கு அந்த நேரம் பார்த்து இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், பறக்கக் கூடாது என்றார்கள். என் மருமகளின் கடைசிக் காரியத்தை நான் நடு அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சின்னத் திரையில் பார்த்தேன். நீ நிற்க மாட்டாமல் ஆடினாய். உன் மாமி அழவில்லை. தன் மகளை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்திலும் அவள் உன் முழங்கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அது நான் பிடிக்க வேண்டிய கை. நான் பிடிக்க முடியாத இடத்தில் அவள் பிடித்தாள்.

நீ வாறன் என்று சொன்ன அன்றைக்கு, "அப்ப மாமி?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பது மட்டும் எனக்கு ஒரு ஆறுதல். "ஊருக்கு வெளியிலை நல்ல முதியோர் இல்லம் ஒண்டு இருக்கம்மா. அவவே போய்ப் பாத்திட்டு ஓம் எண்டிட்டா. மகன் தாயட்டைத்தான் போகவேணும் எண்டு சொல்லுறா" என்றாய். வீட்டை ஒரு கொம்பனி விடுதி நடத்தக் கேட்கிறது என்றும் சொன்னாய். கிழக்கு லண்டனில் முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்தவள் நான். அங்கே வருகிற வயதானவர்கள் எப்படி ஓம் என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த முகத்துக்கு எது சுகமோ அதைச் சொல்வார்கள். பிள்ளைகள் கார் ஏறிய பிறகு எங்களிடம், "எப்ப வீட்டை போகலாம்?" என்று கேட்பார்கள். இது தெரிந்திருந்தும் நான் வாயை மூடிக்கொண்டு புது மெத்தைக்கு உறை தைத்தேன்.

போன ஞாயிறு கோவிலால் வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு நின்றபோது அவளுடைய அழைப்பு வந்தது. வழக்கம்போலச் சாப்பிட்டீங்களா என்றாள். பிறகு தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி நடையால் நடந்து வடக்கு அறைக்குள் போனாள். உள்ளே தூசி தட்டி, படுக்கை விரித்திருந்தது. தலையணை வடக்குச் சுவர்ப் பக்கம் இல்லை, மறுபக்கம், முற்றத்துப் பக்கமாகப் போட்டிருந்தது. அவள் குனிந்து அந்தத் தலையணையைத் தட்டினாள். திரைக்குள் என்னைச் சுட்டிக் காட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு, குடிபூரலுக்கு வந்தவர்களை நான் வாசலில் நின்று வரவேற்றபோது கேட்டுப் பிடித்துக்கொண்டிருப்பாளாக்கும், "வாங்கோ" என்றாள். "வாங்கோ, வாங்கோ." அவளுடைய வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. நான் அழைப்பை வெட்டிவிட்டேன்.

உன்னைத் தன்னிடமிருந்து பறிக்காதே என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. மகன் தாயிடம் போவதை மறித்துக் கேட்க அவளுக்கு வாய் வராது, அவர்களுடைய முறையில் அது அடுக்காது. அதனால் தாயை அங்கே கூப்பிட்டுவிட்டால் மகன் நின்றுவிடுவான் என்று யோசித்திருக்கிறாள். தன் மகள் போன வீட்டில், தன் முதுகை வளைத்து எனக்குப் படுக்கை விரித்திருக்கிறாள். அந்த நாட்டுச் சட்டத்தால் அவளுக்கு ஒரு பிள்ளைக்கு மேல் இல்லை ராசா. இருந்த ஒன்றும் போய்விட்டது. எனக்கு இங்கே உன் தங்கச்சி இருக்கிறாள், ஏசுவதற்காவது வாரம் தவறாமல் வருவாள், அவளுடைய பிள்ளைகள் வந்து என் புட்டைச் சிந்திவிட்டுப் போவார்கள். கோவில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, தமிழ்க் கடை இருக்கிறது, வாய் நிறையக் கதைக்க ஆள் இருக்கிறது. அவளுக்கு இருப்பது நீ ஒருவன். அவள் தன் மாடி வீட்டை விற்றபோது அந்தக் காசில் கட்டியது உங்கள் வீட்டை. இப்போது அதிலும் இடமில்லை என்றால் அவள் எங்கே போவாள்?

என்னாலும் அங்கே வந்து இருந்துவிட முடியாது. என் இதயமும் என் ஆஸ்பத்திரியும் என் மருந்தும் இங்கே. பறக்கலாம் என்று டாக்டர் சொன்னால் ஒரு மாதம் வந்து நிற்பேன், அவ்வளவுதான். ஆகவே நீ வராதே. இதை எழுதப் பேனையை எத்தனை முறை வைத்து எடுத்தேன் என்று உனக்குத் தெரியாது.

"அந்த வீட்டிலை மூச்சு விட ஏலாமல் கிடக்கு அம்மா" என்று சொன்னாய். எந்தச் சுவரைத் தொட்டாலும் லின்னின் கை என்றாய். நான் அதை லேசாக எடுக்கவில்லை. உன் அப்பா இறக்கிய குசினியில் அவர் போன பிறகு பல நாள் நான் தேத்தண்ணிகூடப் போடவில்லை. ஆனால் ராசா, லின் எதையும் தொடாமல் வைத்துக் கும்பிடுகிற பிள்ளையா? தன் தாய் வீட்டு அடுப்படியையே இடித்தவள். அதில் இருக்கப்போகிற ஆட்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று இடித்தவள். உனக்கு அவளுடைய குசினியைப் பார்க்க முடியவில்லை என்றால் மாற்று. சுவரின் நிறத்தை மாற்று, கதவை மாற்று, உன் படுக்கையைக் கிழக்கு அறைக்கு மாற்று. மாமியைக் கேட்டுக் கேட்டு மாற்று, முதல் செங்கல்லை அவளே எடுத்துத் தருவாள். அவளும் அதே சுவர்களைத்தான் தடவிக்கொண்டு திரிகிறாள். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் இழந்திருக்கிறீர்கள். ஊருக்கு வெளியே ஒருத்தியும் லண்டனில் ஒருத்தனுமாக இருந்து அழுவதைவிட, ஒரு மேசையில் இருந்து அழுங்கள். அந்தக் கொம்பனிக்காரனுக்கு இன்றைக்கே இல்லை என்று சொல்லிவிடு. வடக்கு அறையில் இனி அவள்தான் படுக்க வேண்டும். மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள். ஆட்டட்டும், பெட்டியை நீ இழு.

என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. கோவிலில் இனிக் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று நேற்று முழுவதும் எரிச்சலாக இருந்தது. உன் மாமி மீதும் கோபம் வந்தது, எதற்காக அந்தத் தலையணையைக் காட்டினாள் என்று. காட்டாமல் இருந்திருந்தால் நீ இந்த வாரம் பெட்டி கட்டியிருப்பாய், எனக்கு என் பிள்ளை கிடைத்திருப்பான். மாடிக்குப் போய் உன் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து அழுதேன். இன்றைக்கும் அழுதேன். இதை உனக்கு மறைத்து எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. லின் என்னை முதல் நாளிலிருந்து அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நீ அவளைப் பெற்றவளை இன்றைக்கும் மாமி என்கிறாய். முறைக்கு அது சரிதான். ஆனால் அவளை அம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்த ஒரே குரல் நின்றுபோய்விட்டது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முற்றத்தைத் தாண்டிப் போ. அவள் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் பக்கத்தில் போய் நின்று அம்மா என்று கூப்பிடு, எந்த மொழியில் என்றாலும் சரி. கூப்பிட்ட பிறகு எனக்குச் சொல்லாதே ராசா. கொஞ்சக் காலத்துக்கு என்னால் அதைக் கேட்க முடியாது.